காட்டப்பட்டது 1, திறக்கப்பட்டது 0

1

இந்தக் கதை என் கர்வத்தில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு நாள் தேடுபொறியில் என் பெயரையே போட்டுப் பார்த்தேன். என் பெயரில் ஒரு பல் மருத்துவர் இருக்கிறார். முதல் பக்கம் முழுக்க அவர்தான். இரண்டாம் பக்கத்திலும் அவரே, விதவிதமான பற்களோடு. நான் மூன்றாம் பக்கத்தின் அடியில் கிடந்தேன். வயிறு எரிந்து, இணையதளம் செய்துகொடுக்கிற ஒருவனை வீட்டுக்கு வரவழைத்தேன்.

அவன் என் தளத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுதாவது மூணாம் பக்கத்துல இருக்கு சார். எங்க அக்கா எழுதினத ஒன்பது மாசம் யாருமே பாக்கல. காரணம் நான்தான்" என்றான். மடிக்கணினியைத் திருப்பி நீளமான ஒரு பட்டியலைக் காட்டினான். அதைப் பார்த்த பிறகு பல் மருத்துவர் மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அவனைத் தம்பி என்றே எழுதப் போகிறேன். அவன் அக்கா எனக்கும் அக்கா.

2

முதல் தொடக்கம்: "கோடானுகோடிப் பக்கங்களுக்கு நடுவே, ஒரு சின்னஞ்சிறு பக்கம்..." வேண்டாம். கைபேசி விளம்பரம் மாதிரி இருக்கிறது.

இரண்டாம் தொடக்கம்: "மாடிப்படியில் நின்று மிளகு சிரித்தபோது..." இதுவும் வேண்டாம். மிளகு அக்காவின் மகள்; அவள் விழுவதிலிருந்து கதையைத் தொடங்கினால் அவள் வகுப்புப் பிள்ளைகளுக்கும் எனக்கும் வித்தியாசம் இருக்காது. ஏன் என்பது அடுத்த பகுதியில்.

மூன்றாவது: அக்கா ஒரு பேருந்துப் பணிமனையின் உதிரிபாகக் கிடங்குக்குப் பொறுப்பாளர். நாற்பது வரிசை இரும்பு அலமாரி, ஒன்பதாயிரம் வகைச் சாமான். மெக்கானிக் வந்து பேரிங் கேட்டால் அக்கா எழுந்துபோய்த் தேடமாட்டாள். ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் அட்டை வைத்திருக்கிறாள். அது எந்தெந்த அலமாரியில், எந்தத் தட்டில் கிடக்கிறது என்று அட்டையில் எழுதியிருக்கும். அதைப் பார்த்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே "பதினேழாவது வரிசை, மேல்தட்டு" என்பாள்.

இதுவே இருக்கட்டும். வேலை செய்கிறவர்களிடமிருந்து தொடங்கினால் எனக்குப் பொய் சொல்லக் கூச்சமாக இருக்கும்.

3

அக்காவுக்கு ஒரே மகள், பதினொரு வயது. ஆள் சின்னது, வாய் சுருக்கென்று இருக்கும். அதனால் வீட்டில் மிளகு என்று பெயர்.

மிளகு நன்றாகச் சிரித்தால் விழுந்துவிடுவாள். முகம் தொங்கும், முழங்கால் மடங்கும், அப்படியே தரையில் சரிவாள். மயக்கம் இல்லை, சுற்றி நடப்பதெல்லாம் காதில் விழும். அரை நிமிடத்துக்குப் பேச்சு மட்டும் வராது. பிறகு தானாக எழுந்து உட்காருவாள். ஒரு மருத்துவர், வளர வளரச் சரியாகிவிடும் என்றார். இன்னொருவர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "எல்லாரும் தன்னையே பாக்கணும்னு பண்றா" என்றார்.*

(* மருத்துவத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு. எனக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை, ஆகவே இந்தக் கதையிலும் அது வராது.)

வகுப்பில் நான்கு பேர் சேர்ந்து மிளகை மாடிப்படியில் நிற்கவைத்துச் சிரிக்க வைத்தார்கள், விழுகிறாளா என்று பார்ப்பதற்கு. விழுந்தாள். நெற்றியில் மூன்று தையல். அன்றோடு சிரிப்பதை நிறுத்திவிட்டாள். உதட்டைக் கடித்தபடியே பள்ளிக்குப் போனாள், வந்தாள். வீட்டிலும் யாரும் வேடிக்கையாகப் பேசுவதில்லை. தம்பி வாயைத் திறந்தாலே நக்கல்தான் வரும். அவனே அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது முகத்தையும் இழவு வீட்டுக்கு வந்தவன்போல் மாற்றிக்கொள்வான்.

[இங்கே தம்பி சொன்ன ஒரு ஜோக் இருந்தது. நல்ல ஜோக். மிளகு அறையில் இருப்பதால் எடுத்துவிட்டேன்.]

"நான் நடிக்கிறேனாம்மா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"இல்லடி."

"அப்ப ஏன் வேற யாருக்குமே இப்படி இல்ல?"

 இப்படி இன்னும் ஒரே ஒரு பிள்ளை இருப்பதை அக்கா காட்டியாக வேண்டும். உலகத்தில் எந்த மூலையிலாவது, இதேபோல் விழுகிற ஒரு பிள்ளை. இருக்கிறது என்று தெரிந்தால் போதும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான், இந்தக் கதைக்கும் அவ்வளவுதான்.

4

அக்கா தேடினாள். "சிரித்தால் பிள்ளை விழுகிறாள்" என்று போட்டாள். மயக்கம் பற்றி வந்தது, வலிப்பு பற்றி வந்தது. சிரித்தால் ஆயுள் கூடும் என்று பதினேழு கட்டுரைகள் வந்தன.

"உலகம் பூரா தேடியும் ஒண்ணுகூட இல்லயாடா?"

"நீ கேக்குறப்ப அது உலகத்துல போய்த் தேடாதுக்கா" என்றான் தம்பி. "முன்னாடியே சுத்திட்டு வந்துடும். கிராலர்னு ஒரு புரோகிராம். ஒரு பக்கத்தப் படிக்கும், அதுல இருக்குற லிங்கப் பிடிச்சு அடுத்த பக்கம் போகும், அங்கருந்து அடுத்தது. நிக்கவே நிக்காது. படிச்ச ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு அட்டை. இந்தச் சொல்லு எந்தெந்தப் பக்கத்துல இருக்குன்னு. உன் கிடங்கு மாதிரிதான்."

"எல்லாச் சொல்லுக்குமா?"

"எல்லாச் சொல்லுக்கும். எல்லா மொழிலயும்."

 ஒன்பதாயிரம் சாமானுக்கு அட்டை எழுத அக்காவுக்கு நான்கு வருடம் பிடித்தது. சாதாரணமாக இதைக் கேட்கிற நானும் நீங்களும் "ஓகோ" என்போம். அட்டை எழுதிக் கை வலித்தவளுக்குத்தான் அதன் பிரம்மாண்டம் உறைக்கும். 'சிரித்தால்' என்பதற்கு ஓர் அட்டை, 'விழுகிறாள்' என்பதற்கு ஓர் அட்டை. கேட்ட மாத்திரத்தில் இரண்டையும் எடுத்து, இரண்டிலும் உள்ள பக்கங்களைச் சேர்த்து, எது பொருத்தம், எதை மற்றவர்கள் நம்பிக் கைகாட்டுகிறார்கள், எது முதலில், எது பின்னால் என்று வரிசைப்படுத்தி நீட்டுகிறது. அதுவும் கண் இமைப்பதற்குள்.

"அப்படின்னா எனக்கு ஏன் வரல?"

"யாரும் எழுதலக்கா. நம்ம மொழில இத யாருமே எழுதல. இல்லாத சாமானுக்கு நீ அட்டை போடுவியா?"

அக்கா எழுத உட்கார்ந்தாள்.

5

எப்போது விழுகிறாள், எப்படி விழுகிறாள், விழுந்தபின் என்ன சொல்கிறாள். ஒரு மாதம் எழுதினாள். தம்பி அதைத் தளமாக்கி, தன் தளத்திலிருந்து ஒரு லிங்க் கொடுத்தான். ஒன்பது மாதம் அக்கா தேடிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் பக்கம் வரவே இல்லை. "பொறுமையா இருக்கா, மெதுவாத்தான் வரும்" என்று தம்பி தைரியம் சொன்னான்.

பிறகு ஒருநாள்தான் அந்தப் பட்டியலைத் திறந்தான். தளத்துக்கு யார், எப்போது வந்து, எதைக் கேட்டார்கள் என்று தானாகவே பதிவாகும் பட்டியல் அது. கிராலர் வந்திருந்தது. இருநூற்று நாற்பத்தொரு தடவை வந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு கோப்பை மட்டும் கேட்டுப் படித்துவிட்டுத் திரும்பியிருந்தது. ஒவ்வொரு தளத்தின் வாசலிலும் இருக்கிற சின்ன அறிவிப்பு அது. தளத்தைச் செய்துகொண்டிருந்தபோது, அரைகுறையாக யாரும் பார்க்கவேண்டாமென்று தம்பி இரண்டு வரி எழுதி வைத்திருந்தான்: கிராலர்கள் எவரும் உள்ளே வரவேண்டாம். வேலை முடிந்ததும் எடுக்க மறந்துவிட்டான்.

"இருநூத்து நாப்பத்தொரு தடவயா?"

"ஆமாக்கா."

"ஒரு தடவகூட உள்ள எட்டிப் பாக்கலயா?"

"வேணாம்னு எழுதியிருந்தா பாக்காதுக்கா."

(இந்த இடத்தில் கிராலரை ஒரு பாத்திரமாக்கப் பார்த்தேன். "அது தலையைக் குனிந்துகொண்டு..." என்று எழுதினேன். நிரலுக்கு ஏது தலை. "வருத்தத்தோடு..." அதுவும் பொய். வந்தது, படித்தது, போனது. அதற்குமேல் எனக்குத் தெரியாது.)

அக்கா தம்பியோடு இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் பணிமனையில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் அந்தப் பட்டியல் ஞாபகத்துக்கு வந்தது. உலகத்தையே படிக்கிற ஒன்று, தன் தம்பியின் இரண்டு வரிக்குக் கட்டுப்பட்டிருக்கிறது. பூட்டுகூட இல்லாத வாசல். அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. எனக்கும்தான்.

6

அறிவிப்பை எடுத்த மறுநாள் காலை கிராலர் வந்து வழக்கம்போல வாசல் கோப்பைக் கேட்டது. தடை இல்லை. பட்டியலின் அடுத்த வரியில் அக்காவின் பக்கத்தைக் கேட்டிருந்தது. ஒரு மாத எழுத்தை ஒரு நொடிக்குள் எடுத்துப் போயிருந்தது.

"குழந்தை விழுதல்" என்று தேடினால் அக்காவின் பக்கம் முப்பதாவது பக்கத்துக்கும் பின்னால் கிடந்தது. "சிரித்தால் விழுகிறாள்" என்று தேடினால் முதலிடம். தம்பி உடனே கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்: "இனிமே நாம யாரும் தேடக்கூடாது. நாமளே தேடுனா நம்ம எண்ணிக்கைதான் ஏறும்."

பத்தொன்பதாவது நாள், தளம் வைத்திருப்பவர்களுக்குத் தேடுபொறி காட்டுகிற கணக்கில் ஒரு வரி இருந்தது.

காட்டப்பட்டது: 1. திறக்கப்பட்டது: 0. இடம்: முதலாவது. யாரோ தேடியிருக்கிறார்கள், அக்காவின் பக்கம் அவர்கள் கண்முன் வந்திருக்கிறது, திறக்கவில்லை.

"நீ தேடுனியா?"

"சத்தியமா இல்லக்கா. நாட்டப் பாரு."

தேடியது வேறொரு நாட்டிலிருந்து; அங்கே அவர்கள் குடும்பத்துக்குத் தெரிந்தவர் யாருமே இல்லை. என்ன சொல் போட்டுத் தேடினார்கள் என்பது இல்லை. அபூர்வமாகத் தேடப்படும் சொற்களை வெளியே காட்டமாட்டார்களாம், தேடியவர் இன்னார் என்று தெரிந்துவிடக் கூடாதே என்று. ஆனால் முதலிடம். வேறு எதைக் கேட்டிருந்தாலும் அக்காவின் பக்கம் முதலில் வந்திராது.

மிளகு மாமாவின் தோள்வழியே திரையைப் பார்த்தாள். ஒன்று என்ற எண்ணில் விரலை வைத்தாள். வைத்த விரலை வெகுநேரம் எடுக்கவில்லை.

7

"வந்தவங்க ஏன் தெறக்கல?" என்று கேட்டது மிளகுதான்.

தேடியவருக்கு என்ன தெரிந்திருக்கும் என்று தம்பி பார்த்தான். தலைப்பு: "முகப்பு". அதன் கீழே: "இந்தத் தளம் தயாராகிக்கொண்டிருக்கிறது." இரண்டும் அவன் மறந்துவிட்டுப் போன வரிகள். அக்கா அவனைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெம்பில்லை.

மூவரும் புதுத் தலைப்பு யோசித்தார்கள்.

"சிரிக்கும்போது தளர்ந்து விழும் பிள்ளைகள் பற்றிய தகவல்கள்" என்றாள் அக்கா.

"தகவல்கள்னா யாரு தெறப்பா? 'உடனடித் தீர்வு'ன்னு போடலாம்."

"தீர்வு எங்கடா இருக்கு நம்மகிட்ட?"

மிளகு இருவரையும் நிறுத்தினாள். "அங்க ஒருத்தி விழுறாம்மா. அவளயும் நடிக்கிறன்னுதான் சொல்லியிருப்பாங்க. அவகிட்ட சொல்ற மாதிரி போடு."

"என்னன்னு?"

"எனக்கும் அப்படித்தான்னு."

தம்பி தட்டெழுதினான். தலைப்பு: எனக்கும் அப்படித்தான். கீழே: சிரித்தால் நான் விழுந்துவிடுவேன். நடிப்பில்லை.

8

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

அ) மறுநாள் திறக்கப்பட்டது 1. ஒரு கடிதம். "என் பையனும்..." (அழகாக இருக்கிறது. நடந்ததா என்று தம்பியைக் கேட்டேன். "இன்னும் இல்ல சார்" என்றான்.)

ஆ) அந்த ஒருவர் திரும்பி வரவே இல்லை. (இதை எழுத எனக்கு யார் உரிமை கொடுத்தது?)

இ)

இந்த மூன்றாவது உங்களுக்கு. கிராலர் புதுத் தலைப்பை இன்னும் படிக்க வரவில்லை. அக்கா கிடங்கில் இருக்கிறாள். எங்கோ ஒரு வீட்டில் யாரோ அதே சொற்களை இன்னொரு முறை போடலாமா என்று யோசிக்கிறார்கள். இனி நீங்கள் எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளையை மிளகிடம் கொண்டுவந்து சேர்த்தாலும் சரி, இருவரையும் வாய்விட்டுச் சிரிக்க வைத்தாலும் சரி. ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். சிரிக்க வைப்பதற்கு முன்னால் இருவர் பக்கத்திலும் தாங்கிப் பிடிக்க ஆள் நிற்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.