கண்ணாடியின் கெட்டிப் பக்கம்

குண்டு துளைக்காத கார் விற்பவன் சொல்வதை எப்படிச் சோதித்துப் பார்ப்பது? செருப்பென்றால் போட்டு நாலடி நடந்து பார்க்கலாம். கட்டிலென்றால் உட்கார்ந்து பார்க்கலாம். ஒரு தடவை சுட்டுப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்கிறேன் என்று எந்தக் கடையில் சொல்ல முடியும்? காலையிலிருந்து இந்தக் கேள்விதான் ரிவர்ஸின் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது.

ரிவர்ஸ் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. டிரைவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், முட்டுச் சந்துக்குள் சிக்கிய காரை இரண்டு பக்கச் சுவரிலும் நகக்கீறல்கூடப் படாமல் பின்னாலேயே ஓட்டி வெளியே கொண்டுவந்தான். அன்று முதலாளி சூட்டிய பெயர் பதினோரு வருடமாக ஒட்டிக்கொண்டுவிட்டது. கோபம் வந்தால் அவன் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுவாள்.

முதலாளிக்குக் கட்டிடம் இடிக்கும் தொழில். அனுமதியில்லாமல் கட்டியது, ரோட்டை மறித்து நிற்பது என்று எதற்கு நோட்டீஸ் ஒட்டினாலும் மறுநாள் இவருடைய இயந்திரம்தான் போய் நிற்கும். உத்தரவு போட்டவன் ஆபீஸில் சௌக்கியமாக உட்கார்ந்திருப்பான். சாபமெல்லாம் இவருக்கு வந்து சேரும். இரண்டு மாதத்துக்கு முன்னால் சாபத்தோடு நிறுத்தாமல் ஒருவன் துப்பாக்கியையே தூக்கிவிட்டான்.

வழக்கமாகப் போகும் பெரிய ரோட்டை விட்டுவிட்டு அன்று வாய்க்கால் ரோட்டில் போனார்கள். வளைவில் ஒரு லாரி குறுக்கே நின்றது. ரிவர்ஸுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. பிரேக் போட்ட கையோடு பின் கியரைப் போட்டான். ஒரு குண்டு பக்கக் கண்ணாடியை உடைத்து, முதலாளியின் தலைக்கு ஒரு சாண் தள்ளி சீட்டில் பாய்ந்தது. அடுத்த குண்டு வருவதற்குள் கார் இரண்டு தெரு பின்னால் போயிருந்தது.

உயிரைக் காப்பாற்றியவனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்க வேண்டும் அல்லவா? நடந்தது வேறு. “நீங்க இந்த ரோட்ல வர்றது யாருக்கெல்லாம் தெரியும்?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். “எனக்கும் டிரைவருக்கும்தான்” என்றார் முதலாளி. முதலாளியின் மச்சானுக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. மச்சான் என்றால் முதலாளி மனைவியின் தம்பி. அக்கா வீட்டு விவகாரம் எதிலும் மூக்கை நுழைக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. “அது எப்படி மாமா அவ்வளவு சீக்கிரம் பின்னாடி எடுத்தான்? முன்னாடியே தெரிஞ்சவன் மாதிரி?” என்று அவர் போனில் கேட்டது முன் சீட்டு வரைக்கும் கேட்டது.

அன்றோடு முதலாளி மாறிப்போனார். முன்பெல்லாம் பின் சீட்டில் உட்கார்ந்தபடி அவன் பிள்ளைகளின் பரீட்சை மார்க் வரை விசாரிப்பவர், இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். இடமா வலமா என்பதைக்கூட முனைக்கு வந்த பிறகுதான் சொன்னார்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், வாய்க்கால் ரோட்டில் போகப்போவதை அன்று முதலாளியே காருக்குள் உட்கார்ந்து மூன்று பேரிடம் போனில் சொன்னார். சொன்ன நினைவே அவருக்கு இல்லை. ரிவர்ஸுக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருந்தது. ஆனால் அதை எப்படிச் சொல்வது? பின் சீட்டில் பேசுவது டிரைவரின் காதில் விழாது என்பதுதான் அந்தத் தொழிலின் முதல் விதி. அந்தத் தைரியத்தில்தான் முதலாளிமார்கள் காருக்குள் வாயைத் திறக்கிறார்கள். பதினோரு வருடத்தில் அவன் காதில் விழுந்தது கொஞ்சமா? எந்த அதிகாரியை எப்படி வளைத்தது, எந்த இடம் யார் பெயரில் இருக்கிறது, வீட்டுக்குத் தெரியாமல் யாரைப் பார்க்கப் போனது, எல்லாம் விழுந்திருக்கிறது. ஒன்றைக் கேட்டேன் என்று சொன்னால் அத்தனையையும் கேட்டேன் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதனால் வாயை மூடிக்கொண்டு, உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தான்.

அப்படி இருந்த மனிதர் இன்று காலையில், “குண்டு துளைக்காத வண்டி பாக்கப் போறோம். நீயும் உள்ள வா. உன் கண்ணுக்கு எதுவும் தப்பாது” என்றால் எப்படி இருக்கும்? ரிவர்ஸுக்குக் கால் தரையில் பாவவில்லை. குறை இல்லாத வண்டியாகப் பார்த்து எடுத்துக் கொடுத்துவிட்டால் பழைய மரியாதை திரும்பிவிடும் என்று நம்பினான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்று முடிவு கட்டினான்.

கடைக்காரன் கழுத்தில் டையும் உடம்பெல்லாம் செண்டுமாக வரவேற்றான். அந்த வாசனையிலேயே ரிவர்ஸுக்கு அவன்மேல் நம்பிக்கை போய்விட்டது. எதையோ மறைக்கத்தானே ஒருவன் இவ்வளவு செண்டு அடிக்கிறான்? மேஜைமேல் செங்கல் கனத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டு. அதில் மூன்று குண்டுகள் நசுங்கி ஒட்டிக்கொண்டிருந்தன.

“எங்க கண்ணாடி, அண்ணே. ஒண்ணுகூட அந்தப் பக்கம் போகல.”

“குண்டு அந்தப் பக்கம் போன கண்ணாடியெல்லாம் எங்க தம்பி வச்சிருக்கீங்க?”

முதலாளி லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. ரிவர்ஸுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது.

முதல் வண்டி வெள்ளை. ஒரு கை மாறி வந்தது. பளபளவென்று தேய்த்து நிறுத்தியிருந்தார்கள். ஜன்னல் ஓரத்தில் மட்டும் பால் திரிந்த மாதிரி சின்னச் சின்னதாகக் குமிழ்கள். “தூசு, அண்ணே. துடைச்சா போயிடும்” என்றான் கடைக்காரன். ரிவர்ஸ் கைக்குட்டையை எடுத்து வெளியே துடைத்தான், உள்ளே ஏறித் துடைத்தான். குமிழ் அசையவில்லை.

“ரெண்டு பக்கமும் துடைச்சாச்சு. நடுவுல இருக்கறத எதால துடைப்பீங்க? கண்ணாடி அடுக்கு ஒட்டு விட்டுப்போச்சு முதலாளி. இது வேணாம்.”

இரண்டாவது கறுப்பு. கதவைத் திறந்து பிடியை விட்டான். கனம் தாங்காமல் கதவு ஒரு மயிரிழை இறங்கியது. மூடிவிட்டு, கடைக்காரன் கொடுத்த விசிட்டிங் கார்டைக் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் செருகினான். நல்ல வண்டியென்றால் அந்த இடுக்குக்குப் பின்னால் ஒரு இரும்புப் பட்டை இருந்து மறிக்க வேண்டும். கார்டு நேராக உள்ளே போய் சீட்டில் விழுந்தது.

“உங்க பேரே உள்ள போயிடுச்சே தம்பி, குண்டு போகாதா?”

முதலாளி வாய்விட்டே சிரித்துவிட்டார். ரிவர்ஸின் முதுகில் ஓங்கித் தட்டினார். இரண்டு மாதத்தில் அந்தக் கை அவன்மேல் பட்டது அன்றுதான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. டயரைப் பார்ப்பவன் போலக் குனிந்துகொண்டான்.

மூன்றாவது வண்டி பின்கட்டில், உறை போட்டு நின்றது. சாம்பல் நிறம், புதுசு. இதில் ஒரு குறை கண்டுபிடித்தே தீருவது என்று ரிவர்ஸ் படுத்துக்கூடப் பார்த்தான். அடித்தட்டு சுத்தம். கதவு பிசகவில்லை. இடுக்கில் செருகிய கார்டு பட்டையில் முட்டி மடங்கியது. டயரில் காற்று இறங்கினாலும் ஓட உள்ளே தனி வளையம் இருந்தது. அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது: குறையே இல்லாத சாமானை எவன் விற்பான்?

“கண்ணாடியப் பாருங்க அண்ணே” என்று கடைக்காரன் ஜன்னலில் மோதிரத்தால் தட்டினான். கிணுங் என்றது. “இது வெளிப்பக்கம். கெட்டிக் கண்ணாடி. சுடுறவன் எந்தப் பக்கம் இருக்கானோ அந்தப் பக்கம் இது இருக்கணும்.” உள்ளே கை விட்டுத் தட்டினான். டொக் என்று மந்தமாகக் கேட்டது. “உள்ள இருக்கறது பிளாஸ்டிக் மாதிரி ஒண்ணு. சில்லு தெறிச்சு நம்ம ஆள்மேல படாம தடுக்கும். மாத்திப் போட்டா அவ்வளவுதான்.”

மாற்றிப் போட்டிருப்பானோ? ரிவர்ஸ் ஒவ்வொரு கண்ணாடியாகச் சாவியால் தட்டிக்கொண்டே போனான். எல்லாம் வெளியே கிணுங், உள்ளே டொக். கடைசியில் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். முதுகுக்குப் பின்னால், முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவே, மேலிருந்து கீழ் வரை ஒரு தடுப்புக் கண்ணாடி இருந்தது. ஜன்னலைவிடக் கனம்.

கை தானாகத் திரும்பித் தட்டியது. கிணுங்.

இறங்கிப் போய்ப் பின் சீட்டில் ஏறித் தட்டினான். டொக்.

“இது தப்பா போட்டிருக்கீங்க” என்றான். “கெட்டிப் பக்கம் என்னைப் பாத்து இருக்கு.”

“தப்பு இல்லண்ணே” என்றான் கடைக்காரன். “போன வாரம் சார் வந்து சொன்ன மாதிரியேதான் போட்டிருக்கோம்.”

போன வாரம் முதலாளியை அவன் இங்கே அழைத்து வரவில்லை. டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று மச்சானின் காரில் அவர் கிளம்பியது நினைவுக்கு வந்தது. முதலாளி அவனைப் பார்க்காமல் பின் கதவின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த வண்டிய ஏற்கெனவே முடிவு பண்ணிட்டீங்களா முதலாளி? அப்புறம் எதுக்கு அந்த ரெண்டு வண்டி?”

“சும்மா காட்டச் சொன்னேன். குறைய மறைக்கறியா, சொல்றியான்னு பாக்க. நீ எல்லாத்தையும் சொல்லிட்ட.”

“சொல்லிட்டேன்ல? அப்ப இந்தக் கண்ணாடி எதுக்கு?”

முதலாளி தொண்டையைச் செருமினார். “மச்சான் சொல்றான், நல்லவன் மாதிரி நடிக்கத் தெரிஞ்சவன்கிட்டதான் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்னு.”

இதற்குமேல் என்ன பொறுமை வேண்டிக்கிடக்கிறது? குறை சொன்னாலும் குற்றவாளி, சொல்லாவிட்டாலும் குற்றவாளி. தட்டிக்கொடுத்த கைதான் தன் முதுகுக்குப் பின்னால் இதை வைக்கச் சொன்னது என்று நினைக்க நினைக்க ரிவர்ஸுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பதினோரு வருடம் கட்டிக் காத்த விதியை அந்த இடத்திலேயே போட்டு உடைத்தான்.

“வாய்க்கால் ரோட்ல போறத அன்னிக்கு நீங்களேதான் போன்ல சொன்னீங்க முதலாளி. முதல்ல வீட்டம்மாகிட்ட, சாப்பிட லேட்டாகும்னு சொல்லும்போது. அப்புறம் வக்கீல் சார்கிட்ட. கடைசியா உங்க மச்சான்கிட்ட. வளைவுகிட்ட எத்தனை மணிக்கு வருவீங்கன்னுகூட அவர் கேட்டாரு. பதினொன்றரைன்னு சொன்னீங்க.”

முதலாளியின் உதடு அசைந்தது. அவர் மனதுக்குள் அந்தக் காலை நேரத்துக்குப் போய் வருவது முகத்திலேயே தெரிந்தது. நினைவு வந்துவிட்டது என்று ரிவர்ஸுக்குப் புரிந்தது. இதோ கையைப் பிடித்துக்கொள்ளப் போகிறார், தப்புப் பண்ணிட்டேன்டா என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தான்.

“அப்போ நான் பேசறதெல்லாம் உனக்குக் கேக்குமா?” என்றார் முதலாளி.

ரிவர்ஸ் கையிலிருந்த சாவியைப் பார்த்தான்.

“எல்லாமேவா? இத்தனை வருஷமாவா?”

அவர் முகத்தில் ஈயாடவில்லை. துப்பாக்கிச் சூடு நடந்த அன்றுகூட அவர் இப்படி வெளிறிப்போய் ரிவர்ஸ் பார்த்ததில்லை. மெல்லக் கடைக்காரன் பக்கம் திரும்பினார்.

“இந்தத் தடுப்பத் தாண்டி சத்தம் போகுமா?”

“லேசா போகும் சார். வேணும்னா இன்னொரு அடுக்கு வச்சுத் தரலாம்.”

“வை. ஒரு சொல்லு முன்னாடி போகக் கூடாது.”

ரிவர்ஸ் கார்ச் சாவியை முதலாளியிடம் நீட்டினான். “நான் வேலைய விட்டு நின்னுக்கறேன். வேற ஆளப் பாத்துக்கங்க.”

“எங்க போவ?”

“எங்கயாவது போறேன். வண்டி ஓட்டறவனுக்கு வேலையா கிடைக்காது?”

“அதத்தான் கேக்கறேன். யார்கிட்ட போவ?” முதலாளியின் குரல் தாழ்ந்துவிட்டது. “இவ்வளவையும் காதுல வச்சிருக்கறவன இன்னொருத்தன் வண்டியில ஏற விட்டுடுவேனா? நீ எங்கயும் போகக் கூடாது. உன் வீடு தெரியும், பிள்ளைங்க எந்த ஸ்கூல்னு தெரியும். பேசாம என் கண்ணு முன்னாடியே இரு.”

மார்க் விசாரித்த அதே வாய்தான் அதைச் சொன்னது. ரிவர்ஸின் நீட்டிய கை அப்படியே நின்றது. சாவியை யாரும் வாங்கவில்லை. முதலாளியின் போன் அடித்தது. “சொல்லு மாப்ள” என்றபடியே அவர் கதவைத் தள்ளிக்கொண்டு முற்றத்துக்குப் போனார்.

கடைக்காரன் இரண்டு பேரையும் பார்க்காதவன் மாதிரி அளவு நாடாவை எடுத்து வந்தான். “உக்காருங்கண்ணே. தடுப்பு இருக்கறதால சீட் முன்ன பின்ன நகராது. ஒரு ஆள் அளவுக்குத்தான் வைக்க முடியும்.”

ரிவர்ஸ் உட்கார்ந்தான். கனத்த முன் கண்ணாடி வழியாக முற்றத்தில் முதலாளி தெரிந்தார். வாயைக் கையால் பொத்தியபடி போனில் மச்சானிடம் பேசிக்கொண்டிருந்தார். அன்றைக்குப் போலவே, நடுவில் ஒரு தடவை மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்து ஏதோ சொன்னார். உள்ளே ஒரு சொல்கூடக் கேட்கவில்லை.

“காலை நீட்டுங்கண்ணே” என்றான் கடைக்காரன்.

ரிவர்ஸ் நீட்டினான்.