ஞானதாஸின் இடது கால்

கூடைப்பந்தில் உயரமானவனை யாரும் மனசாரப் புகழமாட்டார்கள். உயரமாக இருக்கிறான், போடுகிறான், இதில் என்ன அதிசயம் என்பார்கள். அப்படிச் சொன்ன ஒருத்தனோடு பழவேற்காடு பஸ் ஸ்டாண்டில் நான் கைகலந்தே விட்டேன். ஞானதாஸ் அண்ணன் ஆறடி ஐந்தங்குலம்தான். ஆனால் அவர் போட்டது உயரத்தால் இல்லை, இடது காலால்.

ரிங்குக்கு முதுகைக் காட்டி நிற்பார். பின்னால் ஒருத்தன் முட்டித் தள்ளுவான். பந்து கைக்கு வந்ததும் தோளை லேசாக ஒரு பக்கம் சாய்ப்பார். தள்ளுகிறவன் அதை நம்பி அந்தப் பக்கம் ஓடுவான். அண்ணன் ஊன்றிய இடது காலிலேயே மறுபக்கம் திரும்பி, வலது கையைத் தலைக்கு மேல் வளைத்துப் பந்தை விடுவார். எல்லோருக்கும் தெரிந்த வித்தை, ஒருத்தனும் தடுத்ததில்லை. 2001இல் சென்னையில் ஒரே மேட்ச்சில் முப்பத்தெட்டு பாயிண்ட். நானும் என் கூட்டாளி ஜேம்ஸும் கத்திய கத்தில் மூன்று நாள் தொண்டை கட்டிக் கிடந்தோம்.

பிறகு அவரை வைத்திருந்த கம்பெனி டீமைக் கலைத்தது, வேலையும் போனது. இப்போது ஐம்பத்திரண்டு வயது. பசியாவரம் தீவில், ஓலையில் பின்னிய பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, பழவேற்காடு ஏரியில் முட்டிபோட்டுச் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறார். நாலு வருஷமாகச் சர்க்கரை வேறு.

மாதா திருவிழாவுக்கு முன்னாள் ஆட்டக்காரர்கள் மேட்ச் வைக்கலாம் என்று காட்டூர்க்காரர்கள் சொன்னதும், நானும் ஜேம்ஸும் படகேறிப் போய் அவர் வாசலில் நின்றோம். அண்ணன் சிரித்தார். அவர் மனைவி சூசையம்மாள் அண்ணி சிரிக்கவில்லை.

"சக்கர ஒடம்பு முரளி. கால்ல புண்ணு வந்தா ஆறாதுனு டாக்டரு சொல்லிக்கிறாரு. கால் போச்சினா இவரு தண்ணியில எறங்க முடியாது. அப்பறம் நாங்க இன்னாத்த துன்றது?"

"அண்ணன் காலு என் பொறுப்பு அண்ணி. மாதா மேல சத்தியம்" என்றேன்.

பொன்னேரி முழுக்க அலைந்தும் அவர் அளவுக்கு ஷூ கிடைக்கவில்லை. சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு இறங்கினார்.

முதல் பாதியில் எங்கள் ஆட்கள் அவருக்குப் பந்தே சரியாகக் கொடுக்கவில்லை. கொடுத்த நாலும் கூடையில் விழுந்தன. இடைவேளையில் பெஞ்சில் உட்கார்ந்தவரின் காலைப் பார்த்தேன். இடது கட்டைவிரலுக்குக் கீழே ஒரு பழைய வெட்டு, ஓரம் வெளுத்துப்போய் இருந்தது. அதைச் சுற்றித் தோல் பெயர்ந்து கிடந்தது.

"இன்னாண்ணா இது?"

"போன வாரம் சிப்பி கிழிச்சிச்சி. வலியே இல்ல நைனா."

வலியில்லை என்றதும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. உப்புத் தண்ணீரில் நிற்கிறவன் காலில் புண் தங்காது என்று ஏரிக்காரர்கள் நாங்கள் நம்புகிறோம். என் அப்பா காலில் திருக்கை மீன் முள் ஏறியது அப்படித்தான் ஆறியது. "தெனம் உப்புத் தண்ணியிலதான நிக்கறீங்க, தானா ஆறிடும்" என்று சொல்லி என் துண்டைக் கிழித்துக் கட்டிவிட்டேன். நாங்கள் ஆறு பாயிண்ட் பின்தங்கியிருந்தோம். உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தத் திருப்பத்தை இன்னும் ஒரு முறை பார்க்க வேண்டியிருந்தது.

பார்த்தேன். கடைசி நிமிடத்தில் காட்டூர் தருமலிங்கம் தன் முழு எடையையும் போட்டு முட்டினார். அண்ணன் தோளைச் சாய்த்தார், தருமலிங்கம் நம்பினார், பந்து வளையத்தைத் தொடாமல் உள்ளே போனது. ஒரு பாயிண்டில் ஜெயித்தோம். தருமலிங்கமே கை தட்டினார். ஜேம்ஸ் அழுதேவிட்டான். ரிங்குக்குப் பின்னால் கோட்டை ஒட்டி நின்ற எனக்கு, அண்ணன் திரும்பிய இடத்தில் சிவப்பாக ஓர் அரைவட்டம் தெரிந்தது. எவ்வளவு சுத்தமான வட்டம் என்றுதான் நினைத்தேன். சீ, நானெல்லாம் ஒரு ரசிகன்! அதற்குள் கூட்டம் ஓடி வந்து அதை மிதித்து அழித்துவிட்டது.

மறுநாள் அவர் ஏரியில் இறங்கினார். அதற்கடுத்த நாளும் இறங்கினார். நான் தடுக்கவில்லை, அண்ணியிடமும் சொல்லவில்லை. எட்டாம் நாள் குளிர் காய்ச்சல் வந்தபோது பாதம் கறுத்திருந்தது. சென்னையில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மூன்று நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணி கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்தார்.

"முரளி, ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கே இட்டாந்திருந்தா கால் இருந்திருக்கும்னு டாக்டரு சொல்றாரு. ஆட்டத்தப்ப அந்தப் புண்ண நீ பாத்தியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார்.

"அவன் எங்க பாத்தான்? கூட்டத்துல எங்கியோ நின்னுகினு இருந்தான். நானே பாக்கல சூசை."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. அண்ணி மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா அண்ணி. நான் தூரத்துலதான் நின்னேன்" என்றேன்.

"சரி, உன்ன சொல்லி இன்னா பண்றது. அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துக்கிற, ஒக்காரு" என்றார் அண்ணி. வேறு இடம் இல்லாததால், போர்வையை ஒதுக்கி, கட்டிலில் அந்தக் கால் இருந்திருக்க வேண்டிய இடத்தைக் காட்டினார்.