கூட்டு மனு

லிஃப்ட் மெக்கானிக்கும் அவன் மனைவியும் வக்கீல் அறைக்கு வருவது இது மூன்றாவது தடவை. அவள் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். காலையிலிருந்து நாற்பது பேர் கையில் நரம்பு தேடிவிட்டு நேராக வந்திருந்தாள். சண்டை போட்ட காலமெல்லாம் மலையேறிவிட்டது. ஒன்றரை வருடமாக அவன் முன்னறையில், அவள் மாமியாரோடு உள்ளறையில். பேச்சு, ‘சிலிண்டர் தீந்துபோச்சு’, ‘சாவி எங்க’ என்ற அளவோடு சரி.

வக்கீலம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“திரும்பவும் சொல்றேன். ஒருத்தர் மேல ஒருத்தர் குத்தம் சொல்லி வழக்கு போடலாம். சாட்சி வேணும், வருஷக்கணக்கா இழுக்கும். ரெண்டு பேரும் சேந்து கூட்டு மனு போட்டா சீக்கிரம் விவாகரத்து கிடைக்கும். இல்லன்னா கோர்ட் மூலமா பிரிஞ்சு மட்டும் இருக்கலாம். கல்யாணம் அப்படியே இருக்கும், சேந்து வாழணும்ங்கற கட்டாயம் இருக்காது. ஆனா வேற கல்யாணம் பண்ணிக்க முடியாது.”

“முதல் வழி வேண்டாங்க,” என்றான் அவன். “இவ மேல பழி போட எங்கிட்ட ஒண்ணும் இல்ல. தேடிக் கண்டுபிடிக்கத் தெம்பும் இல்ல.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பதினேழு வருடத்தில் அவன் அவளைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

“பிரிஞ்சு மட்டும் இருந்துக்கறோம்,” என்றாள்.

“ஏம்மா? போன தடவை முழுசா முடிச்சுக்கணும்னு சொன்னீங்களே.”

அவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். மாமியாருக்கு இரண்டு வருடமாக இடது பக்கம் விளங்கவில்லை. குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது எல்லாம் இவள்தான். விவாகரத்து வாங்கியவள் எந்த முகத்தோடு அந்த வாசல் ஏறுவாள்?

அவனுக்குப் புரிந்தது.

“அம்மாவுக்காகன்னா வேண்டாம்,” என்றான் மெதுவாக. “நேத்து நீ வேலைக்குப் போனதும் அம்மா என்னைக் கூப்பிட்டாங்க. ‘அவளை முழுசா விட்டுருடா, என்னைக் காட்டிக் கட்டிப்போடாத’ன்னாங்க. திக்கித் திக்கிச் சொல்லி முடிக்கவே அரை மணி நேரம் ஆச்சு.”

“அத்தை எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீ அழுவியாம்.”

அவள் அழவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். “கூட்டு மனுவே எழுதிடுங்க,” என்றாள் வக்கீலம்மாவிடம்.

“காரணம்னு ஒண்ணு எழுதணும். கருத்து வேறுபாடுன்னு போட்டுக்கவா?”

“எங்களுக்குள்ள கருத்தே இல்லையே மேடம், வேறுபாடு எங்கிருந்து வரும்?” என்றான் அவன். வக்கீலம்மா சிரிக்காமல் ‘கருத்து வேறுபாடு’ என்றே எழுதினார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

சில மாதம் கழித்து நீதிபதி, நன்றாக யோசித்தீர்களா என்று இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் இருவரும் ஒரே குரலில் ஆமாம் என்றார்கள். அவ்வளவுதான், முடிந்தது.

அவள் வேலைக்குப் பக்கத்திலேயே ஓர் அறை பார்த்துக்கொண்டாள். மாமியாரைப் பார்த்துக்கொள்ள அவன் ஒரு பெண்மணியை அமர்த்தினான். முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் போகவில்லை. அடுத்த ஞாயிறு மதியம் போய் அழைப்பு மணியை அழுத்தினாள். அதை அழுத்துவது அவளுக்குப் புதிது.

அவன் கதவைத் திறந்து, “உள்ள இருக்காங்க,” என்று வழிவிட்டான்.

அவள் முகத்தைப் பார்த்ததும் மாமியார் வலது கையால் கட்டிலின் ஓரத்தைத் தட்டினாள். இவள் கைப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் படுத்து, சாயங்காலம் வரை தூங்கினாள்.