இடம் மாறிய நஞ்சுக்கொடிகள்

பெருவின் அந்த மலையூர்ச் சுகாதார நிலையத்தில் ஐந்து வருடம் நர்ஸாகக் குப்பை கொட்டியாயிற்று, போதுமடா சாமி என்று எர்மினியா மாற்றல் விண்ணப்பம் எழுதி வைத்துவிட்டாள். வியாழக்கிழமை மருந்து வேன் வந்ததும் கொடுத்தனுப்ப வேண்டியதுதான்.

புதன்கிழமை காலை அரை மணி இடைவெளியில் இரண்டு பிரசவம். பல்பினாவுக்குப் பையன், தோரிபியாவுக்குப் பெண். சிவப்பு, நீலம் என்று இரண்டு சட்டிகளில் எடுத்து வைத்திருந்த நஞ்சுக்கொடிகளை ஊர் வழக்கப்படி துணியில் சுற்றித் தகப்பன்மாரிடம் கொடுத்தாள். வீட்டு முற்றத்தில் அதைப் புதைத்தால்தான் பிள்ளை அந்த மண்ணில் வேர் பிடிக்குமாம்.

மத்தியானம் சட்டிகளைக் கழுவும்போது பகீரென்றது. சிவப்புச் சட்டி பல்பினாவுடையது, நீலம் தோரிபியாவுடையது. சிவப்பிலிருந்ததைத் தோரிபியா வீட்டுக்கும் நீலத்திலிருந்ததைப் பல்பினா வீட்டுக்கும் மாற்றிக் கொடுத்திருக்கிறாள்! அதுவும் யாருக்கு? மேய்ச்சல் எல்லைக்காக ஏழு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீட்டுக்கு.

வேறு யாருக்கும் தெரியாது. சொன்னால் இனி ஒருத்தியும் பிரசவத்துக்கு நிலையத்தை எட்டிப் பார்க்கமாட்டாள்; வீடு வீடாகப் போய்க் கெஞ்சி வரவழைத்ததெல்லாம் பாழ். சொல்லாமலும் இருக்க முடியவில்லை. சாயங்காலம் பிள்ளை பெற்றவர்களுக்குச் சூப்போடு கணவன்மார் நிலையத்துக்கு வந்ததும் நால்வர் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

“இப்பவே தோண்டி எடுக்கிறேன்!” என்று தோரிபியாவின் புருஷன் சில்வேரியோ எழுந்தான்.

“தோண்டினா பிள்ளைக்கு ஆகாதுய்யா, அறிவிருக்கா?” என்றான் பல்பினாவின் புருஷன் ஃபௌஸ்டினோ. ஏழு வருடத்தில் அவனிடம் பேசிய முதல் வார்த்தை.

பல்பினா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஐயோ, வலிக்குதே! எங்க பய வேரு உங்க முத்தத்துல, உங்க பொண்ணு வேரு எங்க முத்தத்துல. இனிமே எல்லைக்கல்லை எங்கய்யா நடுவீங்க?”

தோரிபியாவுக்கும் அடக்க முடியவில்லை. “சிஸ்டரம்மா, சும்மா விடமாட்டோம். ரெண்டுக்கும் நீதான் ஞானத்தாய். எங்க வழக்கப்படி பிள்ளைங்க முதல் முடியை ஞானத்தாய் நீதான் வெட்டணும்.”

“எப்போ?”

“ரெண்டு வயசுல.”

எர்மினியாவுக்குச் சிரிப்பு வந்தது. அந்த அறையில் அவள் வாய்விட்டுச் சிரித்து எத்தனை காலமாயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

மறுநாள் வேன் வந்தது. “ஏதோ கடுதாசி இருக்குன்னியே?” என்றான் டிரைவர்.

“அது கிடக்கட்டும். டவுன்ல நல்ல கத்தரிக்கோல் ஒண்ணு வாங்கிட்டு வா. அவசரமில்ல, ரெண்டு வருஷம் இருக்கு.”