திருடனுக்கு வசனம் எடுத்துக் கொடுத்தவர்

சைரன் அலறியது. பிராம்ப்டர் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் பாய்ந்தார்.

அறுபத்தாறு வயதுக்கு அது நல்ல பாய்ச்சல்தான். முழங்கால் மட்டும் ‘டக்’ என்று ஆட்சேபம் தெரிவித்தது. பாய்கிற போக்கில் மூலையில் சாத்தியிருந்த குடையையும் இழுத்துக்கொண்டு போயிருந்தார். அதை ஈட்டி மாதிரி பிடித்துக்கொண்டு மேஜை விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

இரண்டு கறுப்பு ஷூக்கள். பின்வாசல் வழியாக நுழைந்தன. கூடத்தைத் தாண்டின. சுவரில் பதித்திருந்த வெள்ளைப் பெட்டியின் முன் போய் நின்றன.

சைரன் சட்டென்று அடங்கியது. பெட்டி பேசியது.

“வணக்கம். கண்காணிப்பு மையத்துலேர்ந்து பேசறோம். உங்க வீட்டுல அலாரம் அடிச்சிருக்கு. ரகசிய வார்த்தையைச் சொல்லுங்க.”

ஷூக்கள் அசையவில்லை.

“சொல்லுங்க சார். ரகசிய வார்த்தை?”

“அது வந்து...” என்றது ஷூக்களுக்கு மேலிருந்த குரல். “வந்து...”

ஒரு நொடி. இரண்டு. மூன்று.

பிராம்ப்டரின் உதடு துடித்தது.

நான்கு. ஐந்து.

“முதல் மணி” என்றார் மேஜைக்கு அடியிலிருந்து. கிசுகிசுப்புதான். ஆனால் ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று விழுந்தது.

“முதல் மணி!” என்றான் திருடன்.

“நன்றி சார். அலாரத்தை ரத்து பண்ணிட்டோம். சிரமத்துக்கு மன்னிக்கணும்.”

பெட்டி கண்ணை மூடிக்கொண்டது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த மகள் நெற்றியில் அறைந்துகொண்ட சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது.

“அப்பா! வெளியே வாங்க.”

பிராம்ப்டர் தவழ்ந்து வெளியே வந்தார். திருடன் கழுத்திலிருந்த மப்ளரை அவிழ்த்தான். உள்ளே நீலநிற டை. பாதுகாப்பு நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி அவர். ஒத்திகைக்காகத் திருடன் வேஷம் போட்டவர். முகத்தில் ஈயாடவில்லை.

“பதினோரு வருஷமா இந்த டெமோ காட்டறேன் மேடம்” என்றார் டைக்காரர். “நாய் கடிச்சிருக்கு. ஒரு வீட்டுல பாட்டில் எறிஞ்சாங்க. ஆனா திருடனுக்குப் பாஸ்வேர்டு சொல்லிக் குடுத்தவரை இப்பத்தான் பாக்கறேன்.”

“மாமா, ஏன் மாமா?” என்றான் மாப்பிள்ளை, சோபாவுக்குப் பின்னாலிருந்து எழுந்து.

“அவர் தடுமாறினாரு மாப்ள.”

“திருடன்னா தடுமாறத்தானே செய்வான்!”

“அஞ்சு நொடி” என்றார் பிராம்ப்டர் குற்ற உணர்வோடு. “அஞ்சு நொடிக்கு மேல மேடை செத்துடும்.”

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. முப்பத்தெட்டு வருஷம் நாடகக் குழுவில் பிராம்ப்டராகப் பக்கத்திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, வசனம் மறந்து முழிக்கும் நடிகர்களுக்கு அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தவர். அவருடைய கிசுகிசுப்பு ஒரு தனி ரகம். மேடைக்குக் கேட்கும், முதல் வரிசைக்குக் கேட்காது. யாராவது பேச்சை நடுவில் நிறுத்திவிட்டால் அவருக்கு மூச்சு முட்டும். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் இருமினால், நடைமேடை எண்ணை இவர் சொல்லிவிடுவார்.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம், மூன்று வாரத்துக்கு முன் நடந்த திருட்டு.

திருட்டு என்றால், பெரிதாக ஒன்றும் போகவில்லை. உண்மையில் ஒன்றுமே போகவில்லை. மாலையில் பிராம்ப்டர் ஒத்திகையிலிருந்து திரும்பி வந்த கொஞ்ச நேரத்தில், எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரர் அந்தப் பக்கம் வந்தார். பின்கதவுப் பூட்டு நெம்பிக் கிடந்ததைப் பார்த்தார். “திருடன்!” என்று தெருவே அதிரக் கத்தினார். போலீஸ் வந்தது. முன்கதவு சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் ரகம் என்பதால் திருடன் பின்கதவைத் தேர்ந்தெடுத்திருக்கிறான் என்று எழுதிக்கொண்டது. வந்தவன் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருந்தான்.

“ஆளைப் பாத்தீங்களா?” என்று போலீஸ்காரர் கேட்க, பிராம்ப்டர் மடமடவென்று ஒப்பித்தார். ஆறடி உயரம். இடது கன்னத்தில் தழும்பு. தோளில் கறுப்புப் போர்வை. இடிமுழக்கம் போன்ற சிரிப்பு. போலீஸ்காரர் மூன்று பக்கம் எழுதிவிட்டு, கை உதறிக்கொண்டு போனார்.

சேதி எட்டியதும் மகள் நான்கு மணி நேர ரயில் பயணத்தில் வந்து இறங்கினாள். பின்னாலேயே மாப்பிள்ளை. அவன் கையில் ஒரு காலிப் பெட்டி. பிராம்ப்டரின் துணிமணிக்காக.

“ஒண்ணு இந்த வீடு பத்திரமா இருக்கணும். இல்லேன்னா நீங்க எங்ககூட வரணும்” என்றாள் மகள். “பன்னெண்டாவது மாடி. எந்தத் திருடனும் ஏற மாட்டான்.”

பன்னிரண்டாவது மாடியில் நாடகமும் ஏறாது என்பதுதான் பிராம்ப்டரின் கவலை. இன்னும் ஒரு மாதத்தில் புது நாடகம் அரங்கேற்றம். அறுபத்தொரு வயதில் இருபத்தைந்து வயது இளைஞனாக நடிக்கும் கதாநாயகருக்கு முதல் காட்சியே இன்னும் மனப்பாடம் ஆகவில்லை. “நீ இல்லேன்னா நான் மேடையில வெறும் மீசைதான்டா” என்று தொலைபேசியில் தழுதழுத்திருந்தார் மனிதர்.

ஆகவே பாதுகாப்புச் சாதனம் தேடும் படலம் ஆரம்பமானது.

முதலில் வந்த நிறுவனத்தின் சாதனத்தில் கண்காணிக்க ஆள் கிடையாது. எல்லாம் கைப்பேசிக்கே வரும்; நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியது. ஒரே நாளில் மகளின் கைப்பேசிக்கு நூற்று நாற்பத்தாறு எச்சரிக்கைகள் வந்தன. ‘கூடத்தில் அசைவு.’ ‘கூடத்தில் மீண்டும் அசைவு.’ ‘கூடத்தில் சந்தேகத்துக்குரிய நபர்.’ சந்தேகத்துக்குரிய நபர் பிராம்ப்டர்தான். கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். அதைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தார்கள்.

இரண்டாவது நிறுவனம் மூலைக்கு மூலை கேமரா மாட்டியது. குளியலறை வாசலிலும் ஒன்று. “துண்டு கட்டிட்டு வர்ற மனுஷனுக்கு என்னய்யா பாதுகாப்பு இது?” என்று பிராம்ப்டர் போட்ட போடில் அவர்கள் ஏணியோடு கிளம்பிவிட்டார்கள்.

மூன்றாவதுதான் டைக்காரர். இவருடைய நிறுவனத்தில் இருபத்துநாலு மணி நேரமும் மனிதர்கள் உட்கார்ந்திருக்கும் கண்காணிப்பு மையம் உண்டு. கதவில் கைவைத்தால் சைரன். அடுத்த நிமிடம் பெட்டி வழியாகப் பேசுவார்கள். ரகசிய வார்த்தை சரியாக இருந்தால் மன்னிப்பு. இல்லையென்றால் போலீஸ்.

மகளுக்குப் பிடித்துவிட்டது. மாப்பிள்ளைக்குப் பிடித்துவிட்டது. திருடனுக்கு வார்த்தையை எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் வீட்டிலேயே இருக்கிறார் என்பதுதான் ஒரே இடைஞ்சல்.

“இன்னொரு தடவை” என்றாள் மகள், கைக்கடிகாரத்தைப் பார்த்து. “சரியா நாலு மணிக்கு. வேற வார்த்தை. திருடனுக்கு நீங்க வாயைத் திறந்தீங்க, ஏழு மணி ரயில்ல மூணு பேரும் போறோம்.”

“திருடனுக்கு மட்டும் தானே?”

“திருடனுக்கு மட்டும்தான். வேற யாருக்கு அங்க வசனம்?”

மாப்பிள்ளை நல்லவன். மாமனாரைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய், “வார்த்தையை உங்ககிட்ட சொல்லாமலே விட்டுடலாமா மாமா?” என்று கேட்டான்.

“அப்புறம் நானே பால் வாங்கிட்டு வந்து கதவைத் திறந்தா?”

“போலீஸ் வரும்.”

“தினமுமா?”

மாப்பிள்ளை யோசித்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான்.

பிராம்ப்டர் கையேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மத்தியானம் முழுக்கப் படித்தார். அவருக்கு எதையும் ஒரு தடவை படித்தால் போதும்; இதை மூன்று தடவை படித்தார். கடைசிப் பக்கத்தில் மையத்தினர் பேச வேண்டிய வாசகங்கள் அச்சிட்டிருந்தன. நல்ல வசனம். ஆனால் முடிவில் வேகம் போதாது என்று பட்டது.

மணி நான்கு.

சைரன். பாய்ச்சல். ‘டக்.’

இந்தத் தடவை பிராம்ப்டர் முன்னேற்பாடாகக் குடையின் வளைந்த கைப்பிடியைப் பற்களுக்கு நடுவில் கவ்விக்கொண்டார். அதன் மறுமுனையில் ஏற்கெனவே கோணலாக நெளிந்திருந்த கம்பி மேஜைக்கால் மீது இடித்தது.

“வணக்கம்...” என்றது பெட்டி. புதுக்குரல். இளம்பெண். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. “கண்காணிப்பு மையத்துலேர்ந்து பேசறோம். ரகசிய வார்த்தையைச் சொல்லுங்க.”

“அது வந்து...” என்றார் டைக்காரர். மனிதர் இந்தத் தடவை தத்ரூபமாகத் தடுமாறினார். “இங்கதான் எங்கேயோ இருந்துச்சு...”

ஒன்று. இரண்டு. மூன்று.

பிராம்ப்டரின் கழுத்து நரம்பு புடைத்தது. ‘மூன்றாம் மணி, மூன்றாம் மணி’ என்று நாக்கு நுனியில் வார்த்தை முட்டி மோதியது. பற்கள் கைப்பிடியில் இறங்கின.

நான்கு. ஐந்து. ஆறு.

அவருடைய வாழ்க்கையிலேயே மிக நீளமான மௌனம் அது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ஏழு. எட்டு.

“தெரியலை!” என்றார் திருடன்.

சமையலறைக் கதவுக்குப் பின்னால் மாப்பிள்ளை கை தட்டப் போக, மகள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். இன்னும் முடியவில்லை. இனி மையத்தின் முறை.

“சார், நீங்க சொன்னது...” என்று ஆரம்பித்தது இளங்குரல். “அதாவது, ரகசிய வார்த்தை... ஐயோ...” காகிதம் புரட்டும் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. வெறும் மூச்சு.

ஒன்று. இரண்டு.

கைப்பிடி வாயிலிருந்து நழுவி விழுந்தது.

“ரகசிய வார்த்தை தவறு” என்றது மேஜைக்கு அடியிலிருந்து அந்தக் கிசுகிசுப்பு. “போலீசுக்குத் தகவல் போயாச்சு.”

“ரகசிய வார்த்தை தவறு! போலீசுக்குத் தகவல் போயாச்சு!” என்றாள் பெண், கரை சேர்ந்த குரலில்.

“ஓடு, இல்லேன்னா மாட்டுவே!”

“ஓடு, இல்லேன்னா மாட்டுவே!”

கடைசி வரி கையேட்டில் இல்லை. ஆனால் சொன்ன விதத்தில் டைக்காரருக்கே மயிர்க்கூச்செறிந்தது. நிஜமாகவே வாசல் வரை ஓடிப்போய், அப்புறம்தான் நினைவு வந்து திரும்பினார்.

மாப்பிள்ளை கைதட்டினான். மகள் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றாள்.

“திருடனுக்கு நான் வாயைத் திறக்கலை” என்றார் பிராம்ப்டர், மேஜையைப் பிடித்து எழுந்து. “நீதான் சொன்னே.”

“சொன்னேன்” என்று ஒப்புக்கொண்டாள் மகள். “இங்கேயே இருங்க. ஏங்க, அந்தக் காலிப் பெட்டியைத் தூக்கிப் பரண்ல போடுங்க.”

பிராம்ப்டருக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் பத்து நாள். கதாநாயகர் வெறும் மீசையாக நிற்க வேண்டியதில்லை.

மகள் டைக்காரர் பக்கம் திரும்பினாள். “இதையே போட்டுடுங்க. கூடவே ரெண்டு கதவுக்கும் விரல் ரேகை வெச்சா திறக்குமே, அந்தப் பூட்டு.”

“திருடனுக்குப் பயந்தா மேடம்? அதுக்கு இதைவிட உறுதியா வேற பூட்டே இருக்கு...”

“விரல்தான் வேணும்” என்றாள் மகள், மேஜைக்கு அடியில் கிடந்த குடையின் நெளிந்த கம்பியைப் பார்த்தபடி. “சாவி வேண்டாம்.”

அவள் அதை ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னாள் என்று பிராம்ப்டருக்கு லேசாக உறுத்தியது. அதற்குள் பெட்டி மறுபடியும் பேசியது.

“மேடம், பதிவு முடிக்க நாலஞ்சு கேள்வி இருக்கு. முன்னாடி வீட்டுல திருட்டு நடந்திருக்கா?”

“மூணு வாரம் முன்னாடி.”

“என்ன போச்சு?”

“ஒரு டம்ளர் தண்ணி. டம்ளரைக் கழுவி வெச்சுட்டான்.”

“எங்க வீட்டுல இருக்கறவங்களே அதைச் செய்யறதில்லை மேடம்” என்றாள் பெண். “பூட்டை எதால நெம்பினான்?”

“அது போலீசுக்கே தெரியலைம்மா” என்றான் மாப்பிள்ளை.

“நான் சொல்றேன்” என்றாள் மகள். நாற்காலியை இழுத்துப்போட்டு நிதானமாக உட்கார்ந்தாள். பக்கத்திரைக்குப் பின்னால் அப்பாவின் மடியில் உட்கார்ந்து, கையில் கிடைத்ததையெல்லாம் அவர் வசனப் புத்தகத்துக்குள் அடையாளத்துக்குச் சொருகுவதைப் பார்த்து வளர்ந்தவள். “அன்னைக்குச் சாயங்காலம் பின்வாசலுக்கு வந்தான். சுத்துமுத்தும் பாத்தான். யாரும் இல்லை. கையில இருந்த...”

நிறுத்தினாள்.

கண் கைக்கடிகாரத்தின் மேல் இருந்தது. ஒன்று. இரண்டு.

பிராம்ப்டர் கூரையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். பெட்டியின் பச்சை விளக்கைப் பார்த்தார். மூன்று. நான்கு. கைப்பிடியைத் தேடினார்; அது மேஜைக்கு அடியிலேயே கிடந்தது. ஐந்து.

“குடைக்கம்பியால” என்றார்.

பெட்டிக்குள் விசைப்பலகை தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

“உங்களுக்கு எப்படி மாமா தெரியும்?” என்றான் மாப்பிள்ளை.

பிராம்ப்டர் வாயைத் திறந்தார். முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவருக்கே வசனம் மறந்துவிட்டது. எடுத்துக் கொடுக்க ஆளில்லை.

மகள் முன்னால் குனிந்தாள். அவருடைய அதே கிசுகிசுப்பில், அவருக்கு மட்டும் கேட்கும்படி எடுத்துக் கொடுத்தாள்.

“சாவியை...”

“சாவியை வசனப் புத்தகத்துக்குள்ள அடையாளத்துக்குச் சொருகி வெச்சேன்” என்றார் பிராம்ப்டர். “புத்தகத்தை உள்ளே விட்டுட்டுக் கதவைச் சாத்திட்டேன். தபால்காரர் வந்து ‘திருடன்’னு எடுத்துக் குடுத்தாரு, நானும் புடிச்சுக்கிட்டேன். எழுதிக்கோம்மா. தண்ணி குடிச்சது நான்தான்.”