நடுவில் விரல் வைத்துப் பாருங்கள்

பன்னிரண்டு நாற்பதுக்குச் சாப்பாட்டு மணி அடித்தால் ஒன்று பத்துக்கு அடுத்த மணி அடித்துவிடும். இடையில் இருப்பது முப்பது நிமிடம். அதற்குள் பதினொரு ஆசிரியைகள் பதினொரு டப்பாக்களை ஒரே மைக்ரோவேவ் அடுப்பில் சூடு பண்ணி, சாப்பிட்டு, கை கழுவி, வகுப்புக்கு ஓட வேண்டும். கொடைக்கானல் குளிரில் காலை ஏழு மணிக்குக் கட்டிய சோறு மதியத்துக்குள் கட்டி தட்டிப்போகும். அதை அப்படியே விழுங்க யாராலும் முடியாது. அதனால் ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று அவர்களாகவே பேசி வைத்திருந்தார்கள்.

ஏரிக்கு மேலே, மேட்டில் இருக்கும் தனியார் பள்ளி அது. ஸ்டாஃப் ரூம் மூலையில், ஜன்னலை ஒட்டி அந்த அடுப்பு இருந்தது. அதற்கு மேலே சுவரில் ஒரு அட்டை: "ஆசிரியர்களுக்கு மட்டும்." அடுப்பு வாங்கிய நாளில் யாரோ ஒட்டியது. யார் ஒட்டியது, எதற்காக ஒட்டியது என்று ஆறு வருடமாக ஒருவரும் கேட்கவில்லை. ஒட்டியதைக் கிழிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாத ஊர் நம்முடையது.

"புவனா, ஒன்னோடது ஆயிருச்சு, எடு எடு!" என்று சுதாராணி மிஸ் வரிசையில் நின்று கத்துவார். அடுப்பு மணியடித்து நிற்கும். கதவு திறக்கும், ஒரு டப்பா வெளியே வரும், அடுத்தது உள்ளே போகும். யாரும் பாதியில் நிறுத்திக் கிளறுவதில்லை, மூடி போடுவதில்லை. பின்னால் எட்டுப் பேர் நிற்கும்போது யாருக்குப் பொறுமை இருக்கும்?

இந்தக் கூத்து முடியும்வரை வராந்தாவில் ஒரு நீலத் துணியோடு காத்திருப்பார் ராக்கம்மா. வயது ஐம்பத்திரண்டு. பள்ளியைப் பெருக்கித் துடைப்பது அவருடைய வேலை. ஆசிரியைகள் போனபின் உள்ளே வந்து, அடுப்புச் சுவரில் தெறித்திருக்கும் சாம்பாரையும் ரசத்தையும் துடைப்பார். சுழலும் கண்ணாடித் தட்டை வெளியே எடுத்துக் கழுவி வைப்பார். அதன்பிறகு பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து தன் டப்பாவைத் திறப்பார். தேங்காய் போட்ட ரொட்டியும், காரமான துவையல்போல அரைத்த சம்பலும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் அவருடைய அம்மா சுட்ட அதே ரொட்டிதான். ஏழு வயதில் கப்பலேறி இந்தப் பக்கம் வந்தபோது அந்தக் குடும்பம் கொண்டுவந்ததில் இன்னும் மிச்சமிருப்பது அது ஒன்றுதான். மதியத்துக்குள் ரொட்டி விறைத்துப்போயிருக்கும். பிய்க்கவே இரண்டு கையும் வேண்டும்.

இந்த வேலைக்கு வருமுன் பதினெட்டு வருடம் கேரட் கழுவினார். பனிக்காலத்து ஓடைத் தண்ணீரில் முழங்கால்வரை நின்று கழுவியதில் மூட்டு இரண்டும் போய்விட்டன. பேத்துப்பாறையிலிருந்து பஸ் பிடித்து வெள்ளனே வந்து, நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்தாலும், கூரைக்குக் கீழே செய்கிற வேலை இது. இதுவும் போனால் மறுபடி தண்ணீரில்தான் இறங்க வேண்டும். இறங்கினால் ஏற முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

ஒரு திங்கட்கிழமை புவனா மிஸ் முந்தின நாள் வைத்த கோழிக்குழம்பும் சோறும் கொண்டுவந்திருந்தார். ஆழமான டப்பாவில் அமுக்கி அமுக்கி நிரப்பியது. வரிசையில் கடைசி ஆள் என்பதால் இரண்டு நிமிடம் வைத்துவிட்டு அவசரம் அவசரமாகச் சாப்பிட்டார். சாயங்காலமே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கின. மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். சாப்பாடு விஷமாகிவிட்டது என்றார் டாக்டர்.

புதன்கிழமை ஸ்டாஃப் ரூமில் வேறு பேச்சே இல்லை.

"அந்த ஓவன்தான் காரணம். அதத் தொடைக்கிறது யாரு? பாத்ரூம் கழுவுற அதே கை!" என்றார் சுதாராணி. "எத்தன நாளா சொல்றேன், அவங்க வர்ற எடம் வேற, பழக்கவழக்கம் வேறன்னு. கேட்டாத்தானே?"

நான்கு பேர் "ஆமா ஆமா" என்றார்கள். மீதிப்பேர் டப்பாவைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். ஆமாம் என்றவர்களைவிடக் குனிந்துகொண்டவர்களால்தான் இந்த நாட்டில் அதிகப் பழி நிலைத்து நிற்கிறது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்த புவனாவுக்கும் சுதாராணியே போன் பண்ணி விஷயத்தைச் சொன்னார். புவனா "அப்படியா மிஸ்" என்று மட்டும் சொன்னார்.

அன்றே ராக்கம்மாவை அடுப்புப் பக்கம் போக வேண்டாம் என்றார்கள். "சரிங்க மிஸ்" என்றார் அவர். எதிர்த்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்பதை ஓடைத் தண்ணீரிலேயே கற்றுக்கொண்டவர் அவர். அன்றிலிருந்து ஆசிரியைகள் முறை வைத்துத் துடைப்பதாக ஒரு தாள் எழுதி ஒட்டினார்கள். தாள் சுத்தமாக இருந்தது. அடுப்புக்குள்தான் ஒரு வாரத்துச் சாம்பார் காய்ந்துபோயிருந்தது.

அடுத்த புதன்கிழமை, சாப்பாட்டு நேரத்தில், பிரின்சிபல் முருகேஸ்வரி மேடம் ராக்கம்மாவை அறைக்குக் கூப்பிட்டார். மேடம் கெட்டவர் இல்லை, களைத்துப்போனவர். பெற்றோர் தொல்லை ஒரு பக்கம், நிர்வாகத்தின் நச்சரிப்பு இன்னொரு பக்கம். மேஜைமேல் தட்டச்சு செய்த ஒரு கடிதம் இருந்தது. துப்புரவு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியிலிருந்து வந்தது.

"இதுல கையெழுத்துப் போட்டுருங்க ராக்கம்மா. நாளையிலருந்து நீங்க வர வேண்டாமாம். வேற எங்கயாச்சும் போடுறேன்னு சொல்றாங்க." சொல்லும்போது மேடம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராக்கம்மா ஐந்தாவது வரை படித்தவர். எழுத்துக்கூட்டி மெதுவாக வாசித்தார். 'எனது கவனக்குறைவால்' என்பதைத் தாண்டினார். 'அசுத்தமான துணியைப் பயன்படுத்தியதால்' என்ற இடத்தில் நின்றுவிட்டார். அதற்குமேல் கண் நகரவில்லை.

"வேலைய விட்டு நிக்கச் சொன்னா நின்னுக்கிறேன் மேடம். இந்த ஒரு சொல்ல மட்டும் அடிச்சிருங்க," என்றார். "பாத்ரூமுக்குப் பச்சத் துணி, தரைக்கு வெள்ளத் துணி, அடுப்புக்கு நீலத் துணி. ஆறு வருசமா மாத்துனதில்ல. நீலத் துணிய வீட்டுக்குக் கொண்டுபோயி, சுடுதண்ணில அலசி, காயப் போட்டுக் கொண்டாறேன். அசுத்தம்னு எழுதிப்புட்டு அதுக்குக் கீழ எம்பேர போடச் சொல்றீங்களே, எப்பிடிப் போடுவேன்?"

வேலை போவதைவிட அந்த வார்த்தைதான் அவரைக் கொன்றது.

மேஜை ஓரத்தில், அப்போதுதான் சூடு பண்ணிக் கொண்டுவந்த சாம்பார் சாதம் கண்ணாடிப் பாத்திரத்தில் குவியலாக இருந்தது. ராக்கம்மாவின் கண் அதன்மேல் போனது. சுற்றிலும் ஓரத்தில் ஆவி பறந்தது. நடுவில் ஆவியே இல்லை.

"மேடம், கோவிச்சுக்காம ஒண்ணு செய்யுங்க. நான் தொடல. நீங்களே ஒங்க சோத்து நடுவுல வெரல வச்சுப் பாருங்க."

"எதுக்கு?"

"வச்சுப் பாருங்க மேடம்."

முருகேஸ்வரி கையைக் கழுவிவந்து, சாதத்தின் நடுவில் விரலை ஆழமாக இறக்கினார். இறக்கிய வேகத்தில் வெளியே எடுத்தார். ஓரம் சுட்டது. நடுவோ அடுப்பில் வைக்காததுபோல் சில்லென்று இருந்தது.

"என்ன இது, ரெண்டு நிமிஷம் வச்சேனே!"

"நான் அந்த அடுப்பத் தொட்டு இன்னையோட எட்டு நாளாச்சு மேடம். இன்னைக்கும் நடு வேகல. புவனா மிஸ்ஸு டப்பா இதவிட ஆழம். பழைய கோழிக்கொழம்பு வேற. நடுவுல கெடந்த கறி சூடாவே ஆகியிருக்காது. அரையுங்கொறையுமா சூடு பண்ணுன பழைய கறி வயித்துக்கு ஆகுமா?"

"இது ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தொடைக்கிறவளுக்குத் தெரியாதா மேடம்? ஓரத்துல தீஞ்சு ஒட்டுனது பூரா என் துணியிலதான வருது. அவங்க சாப்பிட்டு மிச்சத்தக் கொட்டுனா, நடுச்சோறு கட்டியா, சில்லுனு கூடையில விழுகும். தெனமும் பாக்குறேன்."

"அப்ப நீங்க எப்படிச் சூடு பண்ணுவீங்க?"

"நான் எப்ப மேடம் சூடு பண்ணேன்?" என்றார் ராக்கம்மா.

மேடத்துக்குச் சுவரில் இருந்த அட்டை ஞாபகம் வந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டிக்கொண்டு புவனா உள்ளே வந்தார். அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார். முகம் இன்னும் வெளுத்திருந்தது, கையில் டாக்டர் சர்ட்டிபிகேட். மேஜைமேல் கடிதத்தையும், சாதத்தில் இருந்த விரல் பள்ளத்தையும், ராக்கம்மாவின் கண்களையும் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது. உட்காராமலேயே பேசினார்.

"மேடம், அன்னைக்குக் குழம்பு நடுவுல சில்லுனுதான் இருந்துச்சு. ரெண்டாவது வாயிலயே தெரிஞ்சுது. மறுபடி வைக்கலாம்னு பாத்தேன், மணி அடிச்சிருச்சு. அப்படியே முழுங்கிட்டுப் போயிட்டேன்."

"இத ஏம்மா அன்னைக்கே சொல்லல?"

"யாரும் கேக்கல மேடம். சுதா மிஸ் போன்ல ராக்கம்மாதான் காரணம்னாங்க. எல்லாரும் அதையே சொல்றாங்கன்னாங்க. நானே கெடுத்துக்கிட்டேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. இன்னொருத்தர் மேல போயிருச்சேன்னு பேசாம இருந்துட்டேன்." அழுதுவிட்டார்.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் செய்தவருக்கும் பழி எங்கே போனது என்று நன்றாகவே தெரிந்திருந்தது. வெட்கத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒருத்தியின் சோற்றைக் கொடுத்துவிட்டோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

முருகேஸ்வரி மேடம் கடிதத்தை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். சாதப் பாத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "வாங்க ரெண்டு பேரும்" என்று ஸ்டாஃப் ரூமுக்கு நடந்தார்.

அங்கே ஆசிரியைகள் பாதிச் சாப்பாட்டில் இருந்தார்கள். மேடம் நடந்ததைச் சொன்னார். சுதாராணி, "ஏதோ ஒரு பேச்சுக்குச் சொன்னது மேடம்" என்று முணுமுணுத்தார். அந்தப் பேச்சில்தான் ஒரு வேலை போக இருந்தது. எழுந்து வந்து மன்னிப்புக் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. எல்லாரும் ஒரே நாளில் திருந்திவிட்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான்.

"ராக்கம்மா, இத எப்படிச் சூடு பண்ணணும்னு காட்டுங்க" என்றார் மேடம்.

ராக்கம்மா நீலத் துணியால் முதலில் அடுப்பின் உட்புறத்தைத் துடைத்தார். ஒரு வாரத்து அழுக்கு, சுலபத்தில் போகவில்லை. பிறகு கரண்டியால் சாதத்தை ஓரத்துக்குத் தள்ளி, நடுவில் குழியாக விட்டார். லேசாகத் தண்ணீர் தெளித்து, ஒரு தட்டைக் கொஞ்சம் சாய்த்து மூடினார்.

"அடுப்போட வந்த புத்தகத்துல படம் படமாப் போட்டிருக்கும் மேடம், தொடைக்கும்போது பாத்து வச்சிருக்கேன். சூடு ஓரத்துலதான் சுருக்கா ஏறும். அதான் நடுவக் காலியா விடணும். இப்ப ஒரு நிமிசம்." நிமிடம் ஆனதும் நிறுத்தி, அடிவரை கிளறினார். "தட்டுதான் சுத்தும். சோறு தானா பெரளாது, நாமதான் பெரட்டிவிடணும். இன்னும் ஒரு நிமிசம்." அடுப்பு நின்றதும் மேடம் கையை நீட்டினார். "இருங்க, எடுத்த ஒடனே திங்கக் கூடாது. ரெண்டு நிமிசம் மூடியே கெடக்கட்டும். அப்பத்தான் உள்ள போயி சூடு பரவும்."

"இத்தன பண்ண எங்களுக்கு டைம் ஏது ராக்கம்மா?" என்றார் ஒரு ஆசிரியை.

"கெளறாம விட்டா ஓரம் தீயும், நடு பச்சையாக் கெடக்கும். அது திங்கிறதுக்கும் ஆகாது, எனக்குத் தொடைக்கிறதுக்கும் ஆகாது மிஸ்."

இரண்டு நிமிடம் கழித்து மேடம் மறுபடி நடுவில் விரல் வைத்தார். சுட்டது. சுற்றியிருந்தவர்களும் ஒவ்வொருவராக எழுந்துவந்து பார்த்தார்கள். சாப்பாட்டு இடைவேளை நாளையிலிருந்து நாற்பத்தைந்து நிமிடம் என்று மேடம் அங்கேயே சொன்னார். அப்படியே கையை உயர்த்திச் சுவரில் இருந்த அட்டையைப் பிய்த்தார். ஆறு வருடத்துப் பசை. சுண்ணாம்போடு சேர்ந்து வந்தது.

புவனா பின்பக்கப் படிக்கட்டுக்குப் போய் ராக்கம்மாவின் டப்பாவை எடுத்துவந்தார். அதைத் தட்டில் மாற்றி, வேறொரு சுத்தமான ஈரத் துணியில் ரொட்டியைச் சுற்றி வைக்கச் சொன்னார் ராக்கம்மா. இருபது வினாடி. வெளியே எடுத்தபோது ரொட்டி ஒரே கையால் பிய்ந்தது. தேங்காய் வாசம் வந்தது. ஆறு வருடத்தில் முதல்முறையாக அந்த அறையின் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து அவர் சாப்பிட்டார். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. மூட்டுவலியும் எட்டு நாள் அவமானமும் ஒரு சூடான ரொட்டியில் போய்விடுமா?

"என்னை மன்னிச்சிருங்கக்கா," என்றார் புவனா. மகள் வயதுப் பெண்கள்கூட "ராக்கம்மா" என்று பேர்சொல்லிக் கூப்பிடும் அந்தப் பள்ளியில் அவரை அக்கா என்று அழைத்தது அதுவே முதல்முறை.

ராக்கம்மா வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். அப்புறம் எல்லாருக்கும் கேட்கும்படி, ஆனால் குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"மன்னிப்புக் கெடக்கட்டும் மிஸ். நாளைக்கு யாராச்சும் நோவுல விழுந்தா, அவங்க என்ன சாப்புட்டாங்கன்னு மொதல்ல கேளுங்க. யாரு தொடைச்சான்னு அப்பறமாக் கேக்கலாம்."