அன்பரசி செருப்புப் போடுகிறாள்

அதியமான்கோட்டைப் பொதுமக்களுக்கும், நெடுஞ்சாலையில் போய் வருகிற சகலருக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில்: ‘துளிர்’ மழலையர் மையத்தில் பெரியவர்களின் ஆட்சி தை மாதத்தோடு முடிவுக்கு வந்தது. இனி அங்கே மூன்று வயதுக்காரர்களே தலைமை. மற்றவர்கள் பின்னால் வருவார்கள்.

அறிவித்தவர் மையத்தின் டைரக்டர் கோகிலவாணி. மார்கழி வரைக்கும் பிள்ளைகளை வாயில் விரல் வைத்து உட்கார வைத்தவர்தான். நடுவில் பெங்களூரில் சனி ஞாயிறு பயிற்சி ஒன்றுக்குப் போனார். போகும்போது மிஸ்ஸாகப் போனவர், திரும்பும்போது தத்துவமாக வந்து இறங்கினார்.

‘டீச்சர்’ என்ற சொல் ஒழிக்கப்பட்டது. சுகுணா டீச்சர் ‘கற்றல் துணைவர்’ ஆனாள். ஆயா செல்லம்மாள் ‘பராமரிப்புத் துணைவர்’ ஆனாள். சம்பளம் மட்டும் ஆயாவாகவே இருந்தது. மூக்கு ஒழுகினால், “துடைக்கலாமா கண்ணு?” என்று கேட்டு, சம்மதம் வாங்கிய பிறகே துடைக்க வேண்டும். சம்மதம் வருவதற்குள் மூக்கு வாய்க்கு வந்துவிடும். அது குழந்தையின் உரிமை. எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் வாசலுக்கு மேலே பெரிய எழுத்தில் மாட்டியிருந்தது: ‘ஒரு வேலையில் இருக்கும் குழந்தையைத் தொந்தரவு செய்யாதீர்.’

இத்தனையும் ஒரு பலகைக்காக. பயிற்சி கொடுத்த அமைப்பு நேரில் வந்து பார்த்து, பிடித்தால் ‘மாதிரி மையம்’ என்று பலகை கொடுக்கும். சாலைக்கு அந்தப் பக்கம் புதிதாக முளைத்த பள்ளியில் யானை வடிவில் சறுக்குமரம் வைத்துவிட்டார்கள். அட்மிஷனுக்கு முன்னால் பலகை கேட்டில் தொங்காவிட்டால் துளிரின் பாதிப் பிள்ளைகள் யானை மேல் ஏறிவிடும். அந்த யானை கோகிலவாணியின் கனவிலும் வந்தது.

ஆகவே சுதந்திரத்துக்கு ஒத்திகை நடந்தது. வாரம் முழுக்க.

“பார்க்க வர்ற மேடம், என்ன விளையாடப் பிடிக்கும்னு கேட்டா என்ன சொல்லணும்?” என்று கோகிலவாணி கேட்டார்.

“எனக்கு மரக்கட்டை பிடிக்கும்!” என்று ராஜா அலறினான்.

“நீ கட்டை. அன்பரசிதான் களிமண்ணு. மாத்திச் சொன்னா வெச்சுக்கறேன். இது நீங்களா ஆசைப்பட்டுச் செய்யறது, ஞாபகம் இருக்கட்டும்.”

ஆய்வு நாளும் வந்தது. டிவி, ஏபிசிடி சார்ட், அடிக்குச்சி, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய பிளாஸ்டிக் நாற்காலிகள் எல்லாம் சமையலறைக்குள் திணிக்கப்பட்டு, பின்கதவு திறக்க வழியில்லாமல் அடைபட்டது. முன்வாசல் ஒன்றுதான் பாக்கி. காரிலிருந்து பயிற்சி அமைப்பின் சோபனா மேடம் இறங்கினார். கைத்தறிப் புடவை, மண் மணி மாலை, குழந்தைகளைப் பற்றிப் பேசுவதற்கென்றே தனியாக வைத்திருக்கிற குரல்.

வாசற்படியில் குறுக்கே அன்பரசி உட்கார்ந்திருந்தாள். மூன்று வயது. களிமண் இலாகா ஒதுக்கப்பட்டவள். மணல் தொட்டிக்குப் போக அவளாகவே முடிவு செய்து, செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். வாரைப் பக்கிளுக்குள் நுழைப்பாள். அது அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடும்.

“அந்தாண்ட தூக்கி வெச்சிரட்டுங்களா?” என்று செல்லம்மாள் கிசுகிசுத்தாள். வரவேற்க வெளியே வந்திருந்த கோகிலவாணி வாசலுக்கு மேலிருந்த சட்டத்தைப் பார்த்தார். மேடமும் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார்.

“இல்ல இல்ல. அவ வேலைல இருக்கா,” என்றார் கோகிலவாணி. முகத்தில் புன்னகையை ஆணி அடித்து மாட்டியிருந்தார்.

“பியூட்டிஃபுல்!” என்று மேடம் உருகினார். “இந்தப் பொறுமையைத்தான் நான் தேடிட்டு வந்தேன்.”

தேடியது கிடைத்துவிட்டது. கிடைத்த பிறகும் வெயில் இருந்தது. மாசி வெயில் மேடத்தின் கழுத்தில் இறங்கி மண் மணிகளைச் சுட்டது. டிரைவர், “மேடம், ஓசூர் சென்டர்ல சாப்பாட்டுக்கு வெயிட் பண்றாங்க,” என்றார். உள்ளே தயாராக நிறுத்தப்பட்டிருந்த சுதந்திரம் கலைய ஆரம்பித்தது. “மிஸ், கட்டை பிடிக்கும்னு இப்பவே சொல்லிரட்டுமா? ஒண்ணுக்கு வருது!” என்று ராஜா கத்தினான். சுகுணா அவன் வாயைப் பொத்தினாள். சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை.

மேடம் புடவையைக் கொஞ்சம் தூக்கி, அன்பரசிக்கு மேலாக ஒரு காலை எடுத்தார்.

“ஐயோ, தாண்டாதீங்க!” செல்லம்மாள் போட்ட சத்தத்தில் லாரிக்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான். “புள்ள வளராது! அவங்கம்மா வந்து என்னைத்தான் கேக்கும்!”

தூக்கிய கால் அந்தரத்தில் நின்று, கௌரவத்தைத் தேடிவிட்டு, வெறுங்கையோடு இறங்கியது. குழந்தை வளர்ச்சிக்காக ஊர் ஊராகப் போகிறவர், குழந்தை வளராமல் போகக் காரணமாகலாமா?

மேடம் குனிந்தார். தனிக்குரலை எடுத்தார். “கண்ணம்மா, ஆன்ட்டி போட்டு விடட்டுமா?”

“வேணாம்.”

“சும்மா கொஞ்சம் ஹெல்ப்?”

“வேணாம். நானே.”

போன் அடித்தது. ஓசூர். மேடம் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, அந்தச் சின்னக் காலைப் பிடித்து, வாரை இழுத்து, பக்கிளைச் ‘சடக்’கென்று மாட்டினார். கோகிலவாணி ஆகாயத்தைப் பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை. அதனாலேயே ரொம்ப நேரம் பார்த்தார்.

அன்பரசி தன் காலைப் பார்த்தாள். அழவில்லை. பக்கிளை அவிழ்த்தாள். செருப்பையே கழற்றினாள். அந்தாண்ட வைத்தாள். பிறகு அதை எடுத்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

மேடம் நிமிர்ந்தார். “உள்ள வந்து பார்க்கணும்னு அவசியமில்லைங்க. இங்கயே எல்லாம் தெரியுது,” என்று கார் பானெட் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். பின்சீட்டில் இருந்த பலகையை எடுத்துக் கோகிலவாணியிடம் கொடுத்தார். இருவரும் அதை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, போட்டோவுக்குச் சிரித்தார்கள். வாசற்படி தெரியாதபடி டிரைவர் எடுத்தார்.

கார் போன புழுதி அடங்கும் நேரத்தில் வார் பக்கிளுக்குள் போய் நின்றது. கால் மாறித்தான் போட்டிருந்தாள். எழுந்து, யாரையும் பார்க்காமல், மணல் தொட்டிக்கு நடந்தாள். கோகிலவாணி கேட்டில் ஏறி, யானைக்கு நேர் எதிரே பலகையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் தகவல் வந்தது: நாளை முதல் பக்கிள் வைத்த செருப்பு போட்டு அனுப்ப வேண்டாம்.